வலென்சியாவில் இருந்தபடி தம்பியை மலையேற்றிய நாள்

என் மகள் வேலை பார்க்கும் அலுவலகம் பெங்களூரில் இருக்கிறது. அவள் வேலை பார்க்கும் மேசை ஸ்பெயின் நாட்டுக் கடற்கரை நகரமான வலென்சியாவில், நான்காவது மாடியில், பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பற்றி அவளுடைய கம்பெனி கவலைப்படுவதில்லை. நான் வருவாய்த் துறையில் ஆயுளைக் கழித்தவன். வட்டாட்சியர் அலுவலகத்தில் ஓர் எழுத்தர் தன் நாற்காலியை மின்விசிறிக்குக் கீழே நகர்த்திப் போட்டதற்கு அவரிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்ததைக் கண்ணால் பார்த்தவன். நாற்காலியைக் கண்டம் விட்டுக் கண்டம் நகர்த்தலாம், அதற்கென்றே ஒரு விசா உண்டு என்று மகள் சொன்னபோது முதலில் நம்பவில்லை. விதிகளை அனுப்பச் சொல்லிப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள்.

மனைவி போன பிறகு நான் மலைமேல் ஜமுனாமரத்தூரில் தனியாக இருந்தேன். "மூணு மாசம் வந்து வெயில்ல உக்காரு ப்பா" என்று மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குச் சுற்றுலா விசா கிடைக்க அவள் அங்கே காவல் நிலையத்துக்குப் போய், தகப்பனார் தன் வீட்டில்தான் தங்குவார் என்று அழைப்புக் கடிதம் வாங்க வேண்டியிருந்தது. அதற்கு முன்னால், அந்த வீட்டில் அவள்தான் குடியிருக்கிறாள் என்று நகராட்சியில் சான்று வாங்க வேண்டும். அந்தச் சான்றுக்குப் போக இணையத்தில் நேரம் ஒதுக்கி வாங்க வேண்டும். நேரம் கிடைக்காது. பெற்ற அப்பனை வீட்டுக்குக் கூப்பிடக் காவல் நிலையம் போக வேண்டியிருக்கிறது என்று தெரிந்ததும் அந்த நாட்டின் மேல் எனக்கு மரியாதை வந்தது. தூரத்து நாடு என்றாலும் நம்மவர்கள்தான்.

செப்டம்பரில் போய்ச் சேர்ந்தேன். வெயில் என்று அவள் சொன்னது உண்மை. மேகம் என்று ஒன்று இருப்பதையே அந்த ஊர் மறந்துவிட்டது போல இருந்தது. தெருவோரம் ஆரஞ்சு மரங்கள் வைத்திருக்கிறார்கள். காய்த்துக் கிடக்கும், யாரும் தொடுவதில்லை. கசக்கும் என்றாள் மகள். கசக்கும் என்று எல்லோருக்கும் எப்படித் தெரியும், யாராவது பறித்திருக்க வேண்டுமே என்று கேட்டேன். ஊருக்கு நடுவில் ஓடிய ஆற்றைத் திருப்பி விட்டுவிட்டு, படுகையைப் பூங்காவாக்கி இருக்கிறார்கள். எங்கள் பக்கம் பாலாற்றை யாரும் திருப்பி விட வேண்டிய அவசியம் நேரவில்லை. அதுவாகவே வராமல் இருந்துவிட்டது.

மகள் பெங்களூர் நேரத்துக்கு வேலை பார்ப்பதால் இருட்டோடு எழுந்து மேசைக்குப் போய்விடுவாள். மத்தியானத்துக்கு மேல் ஓய்ந்துவிடும். பிறகு என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவாள். நான் சட்டையும் பேண்ட்டுமாக ஒரு பெஞ்சில் உட்காருவேன். என்னை விட மூத்த ஆண்களும் பெண்களும் அரைகுறை ஆடையில் கடலிலிருந்து எழுந்து வருவார்கள். ஓய்வூதியத்தை அவர்கள் செலவழிக்கும் விதம் எனக்குப் புதியது. நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏனென்றால் எனக்கும் வேலை இருந்தது. சாதிச் சான்று மனு திரும்பி வந்துவிட்டது, பட்டா மாறுதலில் தாத்தா பெயர் தப்பாக ஏறிவிட்டது, விதவை உதவித்தொகை இரண்டு மாதமாக வரவில்லை என்று மலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். யாரிடம், எந்த மேசையில், என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று நான் மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டிருப்பேன்.

"நீயும் ரிமோட்ல தான் வேலை பாக்குற ப்பா" என்றாள் மகள். "என்னா, உனக்கு அந்த விசா இல்ல. போலீஸ்ல சொல்லிடவா?"

எங்கள் வீட்டில் மலையை விட்டு நகராதவன் ஒருவன் உண்டு. என் தம்பி. நான் அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, பட்டம் வாங்கி, தேர்வு எழுதி மேலே போனேன். அவன் அதே பள்ளியிலிருந்து இரண்டு முறை சுவர் ஏறிக் குதித்து வீட்டுக்கு வந்துவிட்டான். மூன்றாவது முறை அப்பா அவனைத் திருப்பி அனுப்பவில்லை. சாமை விதைப்பான், புளி உலுக்குவான், பீடி குடிப்பான். ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் பூர்வீக ஊரில், அப்பா கட்டிய வீட்டில், அவனும் அவன் மனைவியும் இருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. என் மகளைத்தான் தூக்கிச் சுமந்தான். நான் துணை வட்டாட்சியராகத்தான் ஓய்வு பெற்றேன். அரசாங்கம் தர மறுத்த பதவி உயர்வைத் தம்பி தந்தான். "தாசில்தாரே" என்றுதான் கூப்பிடுவான். எல்லோர் முன்னிலையிலும் கூப்பிடுவான்.

நான் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தான். இருமிக்கொண்டே நின்றான்.

"டாக்டரைப் பார்றா."

"பாக்குறேன், பாக்குறேன். நீ அங்க போய் கடல்ல எறங்காத, தாசில்தாரே. அதுக்குப் பட்டா கெடையாது."

அக்டோபர் கடைசியில் அவன் மனைவி கூப்பிட்டாள். அவள் என்னை மாமா என்பாள். எங்கள் பக்கம் கணவனின் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"மாமா, இவரை வேலூருக்குக் கொண்டாந்துட்டேன். மூச்சு வுட முடில. ஆக்சிசன் வெச்சிக்கீறாங்க."

"யார் கூட கீறாங்க?"

"நான்தான் கீறேன்."

மருத்துவரிடம் பேசினேன். இளம்பெண், பொறுமையாகப் பேசினார். இரண்டு நுரையீரலும் முடிந்துவிட்டன என்றார். குழாய் போட்டு இயந்திரத்தில் வைக்கலாம். வைத்தால் எடுக்க முடியும் என்று சொல்ல முடியாது. வைக்காவிட்டால் ஒரு நாள், இரண்டு நாள். நான் நன்றி சொன்னேன். எனக்கு ஆங்கிலத்தில் நல்ல பயிற்சி உண்டு, வாக்கியம் பிசகாமல் சொன்னேன்.

அதன் பிறகு தம்பி பேசினான். மூக்கையும் வாயையும் மூடிய கவசத்துக்குள்ளிருந்து வந்த குரல், கிணற்றுக்குள் பேசுவது போல இருந்தது.

"வூட்டுக்கு."

"சரிடா."

"அப்பாவ மாரி… வெளிய போட்டுடாத."

அவன் சொன்னது மற்றவர்களுக்குப் புரியாது. எங்கள் ஊரில் ஒரு கட்டு உண்டு. எல்லைக்கு வெளியே உயிர் விட்டவர்களை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். ஊர் எல்லையில் ஒரு புளியமரம் இருக்கிறது, அதன் கீழே கிடத்துவார்கள். அங்கேயே குளிப்பாட்டி, அங்கிருந்தே எடுத்துவிடுவார்கள். நடுவீட்டில் விளக்கு வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து அழுவது எல்லாம் வீட்டில் இறந்தவர்களுக்குத்தான். அப்பா திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் இறந்தார். புளியமரத்தடியில் கிடத்தினார்கள். தூறல் போட்டது. தார்ப்பாயை நான்கு பேர் நான்கு மூலையில் பிடித்தார்கள். மற்ற மூவரும் ஆள் மாற்றிக்கொண்டார்கள். தம்பி மட்டும் தன் மூலையை யாரிடமும் கொடுக்கவில்லை. நான் அப்போது சர்வேயரிடம் சான்று விஷயமாகப் பேசிக்கொண்டிருந்தேன் என்று பிற்பாடு என்னைக் கேலி செய்வான். அது பொய். ஆனால் நன்றாக இருக்கும் பொய்.

விமான டிக்கெட் பார்த்தோம். எப்படிப் போனாலும் இரண்டு இடத்தில் இறங்கி ஏற வேண்டும். போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதைவிட முக்கியமானது, நான் வானத்தில் இருக்கும் நேரமெல்லாம் கீழே அவள் ஒருத்தி, ஆஸ்பத்திரியில், கேட்க ஆளில்லாமல் நிற்பாள்.

"பிளேன்ல போன் எடுக்குமா மாமா?"

"எடுக்காது."

"அப்ப நீங்க வராதீங்க. போன்லயே இருங்க."

போன்லயே இருந்தேன். எங்கள் சொந்தப் பொறுப்பில் வீட்டுக்கு அழைத்துப் போகிறோம் என்று கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு முன் கடைசி ஸ்கேன் முடிவையும் மருந்துச் சீட்டையும் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும், வாங்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. காப்பீட்டு அட்டைக்கு ஒரு சீல் வேண்டும், அந்தச் சீல் இருக்கும் மேசை மூன்று மணிக்கு மேல் காலியாகிவிடும், அதனால் அங்கே முதலில் போக வேண்டும். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாகச் செய்தாள். வண்டிதான் கடினமாக இருந்தது. இறந்தவரை வீடு சேர்க்க இலவச ஊர்தி உண்டு. இறக்கப் போகிறவரை வீடு சேர்க்க நாமேதான் வண்டி பிடிக்க வேண்டும். திட்டம் வகுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இறந்தவரை எண்ணுவது எளிது. இறக்கப் போகிறவர் என்று எந்தப் பத்தியில் எழுதுவது?

மறுநாள் வீட்டுக்குக் கொண்டுபோக மருத்துவர் அனுமதித்தார். ஆக்சிஜன் உருளை வைத்த தனியார் ஆம்புலன்ஸ் ஒன்று கிடைத்தது. ஓட்டுநர் குரலில் தூக்கம் இருந்தது.

"எந்த வழியா சார் போறது? போளூர் வழி ரோடு நல்லா கீது."

"மழையில அந்தப் பக்கம் ரோட்டுல மண்ணு சரிஞ்சி கெடக்குதாம். ஒடுகத்தூர், ஆலங்காயம், காவலூர் வழியா ஏறுங்க."

"நீங்க இன்னா ஆர்டிஓ ஆபீசா சார்?"

"தாலுக்கா ஆபீஸ்."

"அப்ப சரி" என்றார்.

வலென்சியாவில் அப்போதுதான் விடியத் தொடங்கியிருந்தது. மகள் மேசையில் உட்கார்ந்துவிட்டாள். அன்று விடுப்பு எடுக்க முடியவில்லை. ஏதோ ஒன்றை அன்று வாடிக்கையாளருக்குக் காட்டியாக வேண்டுமாம். ஆனால் சித்தியின் கைபேசியில் எதை அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, வண்டி போகும் இடம் வரைபடத்தில் தெரியும்படி செய்திருந்தாள். ஒரு நீலப் புள்ளி. வேலூரை விட்டு நகர்ந்தது. அணைக்கட்டு ஊரைத் தாண்டியது. அது ஒடுகத்தூர் வந்தபோது எங்கள் பால்கனிக்கு நேரே கடலிலிருந்து சூரியன் மேலே வந்தது. கீழே தெருவில் ஒரு கிழவர் நாயைக் கூட்டிக்கொண்டு போனார். பேக்கரி திறந்தது. நான் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவ்வப்போது கூப்பிட்டேன்.

"எப்டி கீறான்?"

"கண்ணு தொறந்து பாக்குறாரு மாமா. ஒடுகத்தூர்னு சொன்னேன். தலையாட்டினாரு."

"பேசுறானா?"

"'சந்தை இன்னிக்கா'ன்னு கேட்டாரு. இல்லன்னேன்."

ஆலங்காயத்தில் அவன் என்னைக் கேட்டிருக்கிறான். தாசில்தார் லைனில் இருக்கிறாரா என்று. இருக்கிறார் என்று அவள் போனை அவன் காதில் வைத்தாள். மூச்சு மட்டும் கேட்டது. இழுக்கும், நிற்கும், மறுபடி இழுக்கும். நான் என்ன சொல்வது என்று தெரியாமல், "காவலூர் கொண்டை ஊசி வளைவுல குலுக்கும், பல்லைக் கடிச்சிக்கோ" என்றேன். அறுபத்தைந்து வயதுக்காரனுக்கு அந்தப் பாதையைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பது போல.

வண்டி மலையேறத் தொடங்கியபோது மகள் முக்கியமான கூட்டத்தில் இருந்தாள். திரையில் சதுரம் சதுரமாகப் பெங்களூர் முகங்கள். தன் திரையை அவர்களுக்குக் காட்டச் சொன்னார்கள். காட்டினாள். பேசத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து யாரோ தயங்கி, இது என்ன வரைபடம் என்று கேட்டார்கள். காட்ட வேண்டிய சன்னலுக்குப் பதிலாகத் தம்பியின் வண்டியைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்டாள். சித்தப்பா, கடைசி நேரம், வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மூடப் போனாள். அவளுடைய மேலாளர், நான் ஒருமுறை கூட முகம் பார்த்துப் பேசியிராத மனிதர், மூட வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார்.

அதன் பிறகு யாரும் வேலை பேசவில்லை. காவலூர் ஏற்றத்தில் அந்தப் புள்ளி வளைவு வளைவாக ஏறுவதை, முன்பின் தெரியாத அத்தனை பேரும் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் உத்தியோகக் காலம் முழுவதும் நான் எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். அத்தனை கவனமாக நடந்த கூட்டம் ஒன்றும் நினைவில்லை.

பாதி ஏற்றத்தில் புள்ளி நின்றுவிட்டது.

"நின்னுடுச்சா ப்பா?" என்றாள் மகள், ஒலியை அணைத்துவிட்டு.

"சிக்னல் போயிருக்கும். அங்க எப்பவும் போகும்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

கூப்பிட்டுப் பார்த்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் மூன்று மொழிகளில் சொன்னாள். அந்த வளைவுகள் எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் மூங்கில். மழை நாளில் மேகம் ரோட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும், முன்னால் போகிற வண்டியின் விளக்கு தெரியாது. பால்கனியில் வெயில் கண் கூசியது. எதிர்வீட்டுப் பெண்மணி துணி உலர்த்திக்கொண்டே என்னைப் பார்த்துக் கையசைத்து, நல்ல நாள் என்று அவர்கள் மொழியில் சொன்னாள். அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியும். நானும் சொன்னேன்.

புள்ளி திடீரென்று தாவி, காவலூரில் நட்சத்திரம் பார்க்கும் கூடங்களைத் தாண்டி மேலே போய் நின்றது. உடனே அழைப்பும் வந்தது.

"மாமா."

"சொல்லும்மா. எங்க கீறீங்க?"

"ஃபாரஸ்ட் சாவடி தாண்டிட்டோம். வண்டியைப் பாத்துட்டு கம்பியைத் தூக்கி வுட்டுட்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மாமா, இவரு கை ஒரு மாரி கீது."

"மூச்சு?"

"கீழ இருக்கும்போது கீதுன்னு நெனச்சேன்" என்றாள். "வண்டி குலுங்குது, தெரியல."

"டிரைவர் கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. மாஸ்க்கை எடுக்காத. கையைப் புடிச்சிக்கினே வா. வண்டி எங்கயும் நிக்க வேணாம்."

"சரி மாமா."

என் குரல் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. மகள் திரும்பிப் பார்த்தாள். பிறகு காமிராவை மட்டும் அணைத்துவிட்டு வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். போனில் சைரன் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆளில்லாத மலைப்பாதையில் அதற்கு ஒரு தேவையும் கிடையாது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்திருப்பார். எத்தனை பேரை ஏற்றிப் போயிருப்பார், தெரியாமல் இருக்காது. ஆனாலும் ஜமுனாமரத்தூர் கடைத்தெருவைக் கடந்து எங்கள் ஊருக்குள் திரும்பும் வரைக்கும் அவர் சைரனை நிறுத்தவில்லை.

புளியமரத்தைத் தாண்டினார்கள். அதைத் தாண்டியதை அவள் சொன்னாள். வாசலில் வண்டி நின்றது. கதவு திறக்கும் சத்தம், ஆள் சத்தம், நாய், மழை. ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். அப்போதுதான் என் பெரியப்பா முறை ஆகிற பெரியவர் குறுக்கே வந்தார். ஊரில் இதையெல்லாம் சொல்ல உரிமை உள்ளவர் அவர்.

"நில்லுங்கடா. இன்னா, காலு சில்லுனு கீது?"

தூக்கி வந்தவர்களின் கால் சத்தம் நின்றது.

"மருமவளே, உன்னைத்தான் கேக்குறேன். மூச்சோடதான் கொண்டாந்தியா?"

அவள் பொய் சொல்லத் தெரியாதவள். போனை ஸ்பீக்கரில் போட்டாள். "மாமா லைன்ல கீறாரு. அவரைக் கேளுங்க."

"எவன்டா லைன்ல?"

"நான்தான் பெரிப்பா."

"நீ எங்க கீற?"

"வலென்சியாவுல."

"அது எந்தப் பக்கம்?"

"கடலுக்கு அந்தப் பக்கம்."

"கடலுக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கினு, இவனுக்கு மூச்சு கீதா போச்சான்னு நீ இன்னாத்தடா சொல்லப் போற?"

நியாயமான கேள்வி. என்னிடம் இருந்ததெல்லாம் ஒன்றுதான், அதைச் சொன்னேன். "பெரிப்பா, பிறப்பு இறப்புப் பதிவுக்கு ஒரு சட்டம் கீது. ஓடுற வண்டியில உயிர் போனா, வண்டி மொதல்ல எங்க நிக்குதோ அங்கதான் பதியணும். இந்த வண்டி வேலூர்ல கெளம்பி எங்கயும் நிக்கல. மொதல்ல நின்னது இந்த வாசல்லதான்."

"அது கவர்மெண்டு கணக்கு."

"ஆமா."

"எங்க கணக்கு வேற."

"தெரியும் பெரிப்பா."

அதற்கு மேல் என்னிடம் விதி எதுவும் இல்லை. முப்பத்தைந்து வருடத்தில் நான் படித்த சட்டம், அரசாணை, சுற்றறிக்கை எல்லாவற்றையும் தேடினேன். தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஸ்ட்ரெச்சரைப் பிடித்திருந்தவர்களில் ஒருவன் கை மாற்றிக்கொள்ளும் சத்தம் கூடக் கேட்டது.

"ஏம்பா டிரைவரு" என்றார் பெரியவர். "நடுவுல எங்கனா நிறுத்தினியா? டீக்கு, ஒண்ணுக்கு?"

"இல்லீங்க."

"சாவடியில?"

"இல்லீங்க. தூக்கி வுட்டுட்டாங்க."

பெரியவர் எதையோ செய்தார். என்ன என்று எனக்குத் தெரியாது. குனிந்து அவன் முகத்துக்குப் பக்கத்தில் போயிருக்க வேண்டும். ஏனென்றால் அடுத்து வந்த குரல் போனுக்கு வெகு பக்கத்தில் கேட்டது. அதுவும் ஊருக்கே கேட்கும்படி சத்தமாக.

"கீது. கொஞ்சம் கீது. தூக்குங்கடா உள்ள, இன்னா வேடிக்கை? மருமவளே, பால் கொண்டா. ஒரு வாய் ஊத்து."

என் சட்டத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அது அவருக்குத் தேவைப்படவும் இல்லை.

உள்ளே போனார்கள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. "வாயைத் திறந்து வுடு, மெதுவா" என்று யாரோ சொன்னார்கள். பால் ஊற்றியிருப்பார்கள். கொஞ்ச நேரம் விட்டுப் பெரியவர், வேறு குரலில், "போய்ட்டான்" என்றார். அதற்காகவே காத்திருந்தது போல முதல் அழுகை எழுந்தது. அது அவளுடையது. இரண்டு நாளாக என்னுடன் சீல், சீட்டு, உருளை என்று பேசிக்கொண்டிருந்தவள் இப்போதுதான் அழத் தொடங்கினாள்.

மகள் என் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். உள்ளே அவள் மேசையில் பெங்களூர்க்காரர்கள் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். மெல்லிய குரலில், ஒருவர் முடித்த பிறகு மற்றவர்.

எங்கள் போனை அங்கே யாரும் துண்டிக்கவில்லை. எங்கேயோ வைத்துவிட்டு மறந்துவிட்டார்கள். நானும் துண்டிக்கவில்லை. வீடியோவில் காட்டட்டுமா என்று அந்தப் பக்கம் யாராவது கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். சத்தம் போதும் என்று இருந்தது. குடத்திலிருந்து தண்ணீர் மொள்ளும் சத்தம். அது எங்கள் வீட்டுக் குடம், எங்கள் வீட்டுத் தண்ணீர். யாரோ வேட்டி தேடினார்கள். "அவரு பொட்டியில புதுசு கீது பாரு" என்றாள் அவள். மேளம் வந்தது. வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டு, உள்ளே வந்து, நடுவீட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்கள். ஒரு கிழவி, குரலை வைத்து யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை, சாமை அறுக்கும் நேரத்தில் இப்படிப் படுத்துக்கொண்டாயே என்று அவனைத் திட்டிப் பாடினாள். அவனுக்குத் திட்டு பிடிக்கும்.

வெயில் உச்சிக்கு வந்து பால்கனியை விட்டு நகர்ந்தது. தெருவில் உணவகங்கள் மேசைகளை வெளியே போட்டன. மீன் பொரிக்கும் வாசனை மேலே வந்தது. மகள் எனக்குச் சோறு வைத்தாள். நான் போனைக் காதில் வைத்தபடி பிசைந்தேன். சாப்பிடக் கூடாது, எடுக்கும் வரைக்கும் கூடாது என்று அப்போதுதான் நினைவு வந்தது. கையைக் கழுவினேன்.

யாரோ நடந்து வந்தார்கள். போனைக் கையில் எடுத்தார்கள்.

"மாமா? இன்னும் கீறீங்களா?"

"கீறேன்மா."

"எல்லாம் ஆச்சி மாமா. உள்ளதான் வெச்சிருந்தோம். நல்லா வெச்சிருந்தோம்."

"கேட்டேன்மா."

"மழை கொஞ்சம் வுட்டுக்கீது. தூக்கப் போறாங்க." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நீங்க வெச்சிடுங்க. இதுக்கு மேல பொம்பளைங்க நாங்க போவ மாட்டோம். போனையும் யாரும் எடுத்துக்கினு போவ மாட்டாங்க."

இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. குழி எந்தப் பக்கம், யார் மண் போடுவது, மூத்தவன் நான் இல்லாததால் என் இடத்தில் யார் நிற்பது என்று கேட்க வேண்டியவை இருந்தன. அவள் காத்துக்கொண்டிருந்தாள். பின்னால் மேளம் வாசலை விட்டு நகரத் தொடங்கியது.

"சரிம்மா" என்று வைத்துவிட்டேன்.